கறுப்பு கார், போர் தண்ணீர்: வீட்டிலேயே கழுவலாமா?

மேடவாக்கம் வாசகர் ஒருவரின் கேள்வி: கறுப்பு கார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது, வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரிகின்றன, கழுவிக் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி வேறு. 25,000 ரூபாய்க்கு செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்கிறார்கள், போடலாமா, இல்லை வீட்டிலேயே கழுவிச் சமாளிக்கலாமா?

வீட்டிலேயே கழுவுங்கள். பணம் உங்களிடமே இருக்கட்டும்.

அந்தக் கோடுகள் பெரும்பாலும் துடைத்து வந்தவை. அபார்ட்மென்ட்டில் காலையில் ஒருவர் ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணியோடு வரிசையாகப் பத்து கார் துடைத்துவிட்டுப் போவார் இல்லையா, முதல் காரின் மண் கடைசி கார் வரைக்கும் போகிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கொடுக்கிற சம்பளத்துக்கு வேறு எப்படித்தான் செய்வார்? கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. அதன்மேல் தூசியை வைத்துத் தேய்த்தால் கோடு விழாமல் என்ன செய்யும்? தூசி படிந்த காரில் உலர்ந்த துணி படவே கூடாது.

கழுவும்போது நிழலில் நிறுத்தி, பானட் ஆறிய பிறகு, முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழே நன்றாக விட்டு மண்ணை இறக்குங்கள். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர், அதில் துணியை அலசாமல் ஷாம்புக்குள் திரும்ப முக்கவே கூடாது. துணி மைக்ரோஃபைபராக இருக்கட்டும், அழுத்தாமல் நேர்கோட்டில் போங்கள், சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம், பெயின்ட்டைக் காக்கப் பூசியிருக்கும் வேக்ஸை (மெழுகை) உரித்துவிடும். பளபளப்புக்காக டீசல் போட்டுத் துடைப்பவர்களைப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

வெள்ளைப் புள்ளி உங்கள் போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்பு. தண்ணீர் காய்ந்தால் உப்பு தங்கும், அதனால் காயவிடாமல் சுத்தமான மைக்ரோஃபைபர் டவலால் ஒற்றி எடுங்கள். ஆர்ஓ வேஸ்ட் தண்ணீரைச் சேர்த்துவைத்துக் கார் கழுவுகிறவர்கள் நிறையப் பேர், அதில் உப்பு இன்னும் அதிகம்! ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது, வாளியில் பிடித்துவைத்துக் கடைசி அலசலுக்கு ஊற்றுங்கள். இருக்கிற புள்ளிக்கு வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, ஒரு நிமிடம் ஒற்றிவைத்து, உடனே அலசிவிடுங்கள்.

நிழல், வாளி, ஷாம்பு என்று எதற்கும் காத்திருக்கக் கூடாத ஒன்று உண்டு, பறவை எச்சம். ஞாயிற்றுக்கிழமை கழுவிக்கொள்ளலாம் என்று விட்டால், வெயில் சூட்டில் கிளியர் கோட்டை அரித்துத் தழும்பாக நின்றுவிடும். நடுவெயிலாக இருந்தாலும் பரவாயில்லை, பார்த்தவுடனே எடுக்க வேண்டும், ஆனால் தேய்த்து எடுக்கக் கூடாது, அதில் மண்ணும் விதையும் இருக்கும். டிஷ்யூவைத் தண்ணீரில் நனைத்து எச்சத்தின்மேல் போர்த்துங்கள், சூட்டில் காய்ந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், ஐந்து நிமிடம் ஊறியதும் அப்படியே தூக்கி எடுங்கள். மிச்சம் இருந்தால் புது டிஷ்யூ. காரில் ஒரு தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூவும் எப்போதும் கிடக்கட்டும்.

சரி, அந்த 25,000. "9எச் கோட்டிங், கீறலே விழாது" என்பார்கள். அந்த 9எச் பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு, தெரு மணல் பென்சிலைவிடக் கடினமானது. கோட்டிங் போட்டால் கழுவுவது சுலபம், தண்ணீர் வழிந்து ஓடும், அவ்வளவுதான். அழுக்குத் துணி பட்டால் கோட்டிங் போட்ட காரிலும் அதே கோடுதான். போடுவதற்கு முன் மெஷின் பாலிஷ் வேறு செய்வார்கள், ஒவ்வொரு முறையும் கிளியர் கோட் கொஞ்சம் தேயும், திரும்ப வளராது. புது கார் டெலிவரியிலேயே கேட்காமல் டெஃப்ளான் கோட்டிங் என்று பில்லில் சேர்த்துவிடும் ஷோரூம்களைத் தட்டிக்கேட்க ஆளே இல்லை. ரசீதை வரி வரியாகப் படித்து, வேண்டாததை அடிக்கச் சொல்ல வேண்டியது நாம்தான்.

சர்வீஸ் சென்டரின் இலவச வாட்டர் வாஷும் அதே ஒரே துணிக் கதைதான். அடுத்த முறை வண்டியை விடும்போது ஜாப் கார்டில் "வாட்டர் வாஷ் வேண்டாம்" என்று எழுதச் சொல்லி, எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.