மோனோவா, ஸ்டீரியோவா? மேடை ஒலி கேள்வி-பதில்

கே: கீபோர்டுக்காரர் ஒரே ஒரு வயர்தான் தருகிறார். எந்த அவுட்டில் செருகுவது?

எல்/மோனோ என்று எழுதியிருப்பதில். (மோனோ என்றால் எல்லாம் ஒரே ஒலியாக, ஸ்டீரியோ என்றால் இடது, வலது தனித்தனியாக.) வலது அவுட்டில் மட்டும் செருகினால் பாதி ஒலிதான் கிடைக்கும்.

கே: எக்ஸ்ஆர்18 மிக்சரில் 4, 5 சேனல்களை ஸ்டீரியோவாக இணைக்க முடியவில்லை. ஆப்பில் கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. ஒற்றைப்படை எண்ணும் அதற்கு அடுத்த இரட்டைப்படை எண்ணும்தான் ஜோடி சேரும்: 3-4, 5-6. வயரை மாற்றிச் செருகுங்கள். ஜோடி சேர்ந்தபின் ஈக்யூவும் (தடித்த, மெல்லிய ஒலிகளை ஏற்றி இறக்குவது) கம்ப்ரெசரும் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) இரண்டுக்கும் பொது. அதனால் செட்டிங்கைத் தொடங்கும் முன்பே இணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கெயின் (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கே: லேப்டாப்பில் பாட்டு போட்டால் பாடகர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது. ஹெட்போனில் சரியாகக் கேட்கிறது. ஈக்யூவில் எதை ஏற்றலாம்?

ஈக்யூவைத் தொடாதீர்கள். லேப்டாப்பின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஒரே எக்ஸ்எல்ஆர் பிளக்குக்கு (மைக் வயரில் வருவது) வயர் போட்டிருக்கிறீர்கள், சரிதானே? ஜாக்கில் இருப்பது இடது, வலது. மிக்சர் அதை பேலன்ஸ்டு மோனோ (ஒரே ஒலி, ஒரு கம்பியில் நேராக, மற்றதில் தலைகீழாக) என்று எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதெல்லாம், அதாவது நடுவில் இருக்கும் குரலும் பேஸும், கழிந்துபோகும். ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (லேப்டாப் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வாங்கி இரண்டு சேனலில் கொடுங்கள். ஒய் வயரால் இரண்டு அவுட்டையும் முடிச்சுப்போட்டு ஒன்றாக்க வேண்டாம். ஒய் வயர் ஒன்றை இரண்டாகப் பிரிக்கத்தான்.

கே: கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் கச்சேரி. கீபோர்டை முழு இடதிலும் கிட்டாரை முழு வலதிலும் பான் செய்தேன். ஹெட்போனில் அருமையாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் கீபோர்டே கேட்கவில்லை என்று சண்டை. என் தவறா?

ஆமாம், உங்கள் தவறுதான். இந்தக் கடிதம் எனக்கு ஊர் ஊராக வருகிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

மண்டபத்தில் ஸ்பீக்கர்கள் 20 மீட்டர் இடைவெளியில் இருப்பதாக வையுங்கள். இடது ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு வலது ஸ்பீக்கர் 17 மீட்டர். மண்டபத்தின் எதிரொலியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், வலது ஒலி அவருக்குச் சுமார் 15 டெசிபல் குறைவாகவும் 40 மில்லிசெகண்டு தாமதமாகவும் வரும். ஸ்டீரியோ என்பது இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இருப்பவருக்கு மட்டும். அந்த இடத்தில் பெரும்பாலும் நீங்களும் உங்கள் மிக்சரும்தான் இருக்கிறீர்கள். கடைசி வரிசைப் பாட்டியும் கச்சேரி கேட்கத்தானே வந்திருக்கிறார்? அவருக்கும் முழுப்பாட்டும் போய்ச்சேர வேண்டும்.

ஆகவே குரல், பேஸ், தாளம் மூன்றும் நடுவில். கீபோர்டு, கிட்டார் இரண்டின் பான் குமிழும், கடிகார முள்போலப் பார்த்தால், 10 மணிக்கும் 2 மணிக்கும் வெளியே போகக் கூடாது. ரிவெர்ப் ரிட்டர்ன் (எதிரொலி எஃபெக்டிலிருந்து திரும்பி வரும் ஒலி) மட்டும் தாராளமாக விரியட்டும், அதில் ஒரு பக்கம் குறைந்தால் யாரும் எதையும் இழக்கமாட்டார்கள்.

இன்னொன்று. கீபோர்டின் ஸ்டீரியோ பியானோ, கோரஸ் போட்ட ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் மோனோவாகச் சேரும்போது ஒன்றையொன்று தின்று மெலிந்துபோகும். ஹெட்போனில் இது தெரியவே தெரியாது, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகப் போவதால். சவுண்ட்செக்கில் ஒரு தடவை மோனோவில் கேளுங்கள். எத்தனை தடவை எழுதினாலும் இதைச் செய்பவர்கள் குறைவு.

கே: சார், ஸ்டீரியோ வரவில்லை. அவசரம்.

எந்த மிக்சர், எந்த மென்பொருள், எது எதில் செருகியிருக்கிறது? ஒன்றும் எழுதாமல் அவசரம் என்றால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: மெயின்ஸ்டேஜ் மென்பொருளில் மைக் இடது பக்கம் மட்டும் கேட்கிறது.

சேனல் ஸ்ட்ரிப்பின் இன்புட் ஸ்டீரியோவில் 1-2 என்று இருக்கும். மோனோ ஆக்கி 1 மட்டும் தேர்ந்தெடுங்கள். ரிவெர்ப் மட்டும் மோனோ-ஸ்டீரியோ வடிவில் இருக்கட்டும்.

கே: ஏபிள்டன் லைவ் மென்பொருளில் க்ளிக்கை (வாசிப்பவர்கள் காதுக்கு மட்டும் போகும் தாள ஒலி) இடதிலும் ட்ராக்கை (பதிவு செய்த பின்னணி இசை) வலதிலும் அனுப்புகிறோம். ட்ராக்கில் சில வாத்தியங்கள் காணாமல் போகின்றன.

லைவின் பான் சாதாரண நிலையில் பேலன்ஸ் மாதிரி வேலை செய்கிறது. ஸ்டீரியோ ட்ராக்கை முழுவதும் வலதுக்குத் திருப்பினால் இடதில் இருந்தது வலதுக்கு வராது, அப்படியே போய்விடும். ட்ராக்கில் லைவின் யூட்டிலிட்டி என்ற எஃபெக்டைப் போட்டு மோனோவை அழுத்துங்கள், அப்புறம் பான் செய்யுங்கள். மிக்சரில் ஜோடி சேர்த்த சேனல்களுக்கும் இதே எச்சரிக்கை. மாஸ்டரில் ரிவெர்ப் எதுவும் போடாதீர்கள், க்ளிக் மறுபக்கம் கசிந்து ஸ்பீக்கருக்கு வந்துவிடும். முடிந்தால் 4 அவுட் உள்ள இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். லைவின் மெட்ரோனோம் க்யூ அவுட் வழியாகப் போகும். க்யூ அவுட்டை இன்டர்ஃபேஸின் 3, 4 அவுட்டுகளுக்குத் திருப்பினால் ட்ராக்கை ஸ்டீரியோவாகவே வைத்துக்கொள்ளலாம், மோனோவில் ஒரு தடவை கேட்டபின்.

கே: மிருதங்கத்துக்கு வலந்தலையில் (வலது முகம்) ஒரு மைக், தொப்பியில் (கனத்த ஒலி தரும் இடது முகம்) ஒரு மைக். இடது-வலதாகப் பிரிக்கலாமா?

கூடாது. ஒரே வாத்தியத்தைச் சபாவின் இரண்டு மூலைக்கு ஏன் இழுக்க வேண்டும்? இரண்டும் நடுவில். அதன் பிறகு தொப்பி மைக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) மிக்சரில் திருப்பிக் கேளுங்கள். தோலை அடிக்கும்போது ஒரு பக்கம் உள்ளே போக, மறுபக்கம் வெளியே தள்ளப்படலாம், எதிரெதிரே பார்க்கும் மைக்குகள் அடி ஒலியைத் தமக்குள் கழித்துக்கொள்ளலாம். எந்த நிலையில் தொப்பி கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இதையும் ஹெட்போனில் இல்லாமல், ஸ்பீக்கரில் மோனோவாகக் கேட்டு முடிவு செய்யுங்கள்.