செட்டிங்ஸ் அழியவில்லை, வேறொரு ஃபோல்டரில் இருக்கிறது

கேள்வி: விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் 32 பிட்டாக எழுதிய சி பிளஸ் பிளஸ் மென்பொருளை 64 பிட்டுக்கு மாற்றினேன். அன்றிலிருந்து பயனர்களின் செட்டிங்ஸைக் காணவில்லை. மென்பொருள்கள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில், செட்டிங்ஸை வைத்திருக்கும் ஐஎன்ஐ கோப்பைத் திறந்தால் அவர்கள் மாற்றியது எதுவுமே அதில் இல்லை. லினக்ஸ், மேக்கிலும் ஓட வேண்டும். கோப்பை எங்கே வைப்பது?

பதில்: பயப்படாதீர்கள், எதுவும் அழியவில்லை. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து, அட்மின் கணக்கில் இருந்தாலும், தனியாக அனுமதி பெறாமல் ஓடும் நிரல் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முடியாது. பழைய 32 பிட் மென்பொருள்கள் அதனால் நின்றுவிடக் கூடாதே என்று, அவை எழுதுவதை விண்டோஸ் சத்தமில்லாமல் வேறிடத்துக்குத் திருப்பிவிடுகிறது. பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டரில் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர். போய்ப் பாருங்கள், உங்கள் ஐஎன்ஐ அங்கே இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் முதலில் கண்ணில் படாது. இந்தச் சலுகை 64 பிட் நிரலுக்கு இல்லை. அதனால்தான் உங்கள் புதிய நிரல் அசல் கோப்பைப் படிக்கிறது. நோட்பேடும் அசலைத்தான் காட்டும். ஒரே பாதை, இரண்டு கோப்புகள்! பிழை சொல்லாமல் மூடி மறைத்த இந்த ஏற்பாட்டால் எத்தனை பேருடைய நாட்கள் வீணாகியிருக்கின்றன!

இந்த நிலையில் யாராவது வந்து "அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள், சரியாகிவிடும்" என்பார்கள். அல்லது புரோகிராம் ஃபைல்ஸில் எல்லோருக்கும் எழுதும் அனுமதி கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று பில்லை நீட்டுவார்கள். இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அட்மினாக ஓட்டினால் திருப்பிவிடுதல் நின்று, பழைய 32 பிட் நிரலும் அசல் கோப்பையே படிக்கும், குழப்பம் இரட்டிப்பாகும். எல்லோரும் எழுதலாம் என்றால் உங்கள் நிரலையே யாரும் மாற்றி வைக்கலாம். கணினி கணினியாகப் போய்ப் பாதையைக் கையால் எழுதித் தருகிறேன் என்பவரையும் நம்ப வேண்டாம். பயனர் பெயர் மாறினால் அந்தப் பாதை செல்லாது.

சரி, எங்கே வைப்பது? விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் ரோமிங் ஃபோல்டர். மேக்கில் பயனரின் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட். லினக்ஸில் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் ஃபோல்டர். எக்ஸ்டிஜி கான்ஃபிக் ஹோம் என்ற சூழல் மாறியில் (நிரல்கள் படித்துக்கொள்ள இயங்குதளம் வைத்திருக்கும் மதிப்பு) வேறு இடம் சொல்லியிருந்தால் அதுதான் முதலில். லினக்ஸில் 2003-லேயே இதற்கு எழுத்தில் விதி வந்துவிட்டது. இன்றும் ஹோமில் நேரடியாகக் கோப்பைக் கொட்டுகிற நிரல்கள் இருக்கின்றன. நீங்களாவது அதைச் செய்யாதீர்கள். மூன்று பாதைகளையும் கையால் ஒட்டிச் சேர்க்கவும் வேண்டாம். மூன்றிலும் ஓடும் நிரல் எழுத உதவும் க்யூட்டி நூலகத்தைப் பயன்படுத்தினால், அதிலுள்ள க்யூஸ்டாண்டர்ட்பாத்ஸைக் கேளுங்கள், அந்தந்த இயங்குதளத்துக்கு ஏற்ற இடத்தை அது சொல்லும்.

அப்புறம், முதல் முறை ஓடும்போது புதிய இடத்தில் கோப்பு இல்லையென்றால் விர்ச்சுவல்ஸ்டோரைப் பாருங்கள். அங்கும் இல்லாவிட்டால் நிரலின் பக்கத்திலேயே தேடுங்கள். கிடைத்ததை நகலெடுங்கள், பழையதை அழிக்காதீர்கள். ஒவ்வொரு பயனருக்கும் தனி விர்ச்சுவல்ஸ்டோர் என்பதால் இந்த வேலையை இன்ஸ்டாலரிடம் விடாமல் நிரலே செய்யட்டும்.