புளியந்தீவில் தங்கினால் வாசலில் கடல் இருக்குமா?

கொழும்பு வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆகஸ்ட் விடுமுறைக்கு வேனில் மட்டக்களப்பு வருகிறோம். இரண்டு இரவு தங்குவோம். எழுபது வயது அம்மாவுக்கு முழங்கால் வலி, மகனுக்கு ஒன்பது வயது. புளியந்தீவு என்ற பெயரைப் பார்த்ததும் அங்கேயே அறை எடுக்கலாம் என்று தோன்றியது. தீவு என்றால் இறங்கியதும் கடலில் குளிக்கலாம்தானே? கோட்டைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது? பாடும் மீன் என்பது உண்மையா, கதையா?”

பாடும் மீனை அப்புறம் பார்ப்போம். முதலில் குளிக்கிற விஷயம். புளியந்தீவைச் சுற்றி இருப்பது கடல் இல்லை, வாவி. ஊரில் களப்பு என்போம். தெற்கே அம்பாறை மாவட்டத்தின் பக்கம்வரை சுமார் 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற தண்ணீர். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கூடும், கோடையில் உப்புக் கூடும். மீன் பிடிக்கலாம், தோணி விடலாம், கரையில் காற்று வாங்கலாம். குளிக்க மட்டும் இறங்க வேண்டாம். அடியில் சேறு, முதலை நடமாட்டமும் உண்டு. மகனிடம் இதை வேனில் வைத்தே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, புளியந்தீவு ஓய்வு விடுதிகளுக்காக உண்டான தீவு இல்லை. பள்ளிக்கூடம், தேவாலயம், கோயில், வங்கி, நகைக்கடை என்று இருக்கிற பழைய பட்டணம். பாலம் கடந்ததே தெரியாமல் உள்ளே வந்துவிடுவீர்கள். முதல்முறை வருகிறவர்கள் “தீவு எங்கே?” என்று தீவுக்குள் நின்றுகொண்டே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் தங்குவதற்கு இதையோ, பாலத்துக்கு இந்தப் பக்கம் கோட்டைமுனையையோதான் சொல்வேன். கடலுக்கு நீங்கள் போய் வரலாம். ஆனால் விடியற்காலையில் வாவியில் வீச்சுவலை விழுகிற சத்தத்தைக் கேட்க, வாவிக் கரையிலேயே படுத்திருக்க வேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. புளியமரத்தால் வந்தது என்பார்கள். புளியன் என்ற தலைவன் பெயரால் வந்தது என்றும் கதை உண்டு. மட்டக்களப்பு என்ற பெயரே ஆதியில் சம்மாந்துறைப் பக்கத்துக்கு வழங்கியது, கோட்டை வந்த பிறகுதான் இங்கே இடம்பெயர்ந்தது என்கிறார்கள்.

அந்தக் கோட்டைக்கு வருவோம். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கோட்டை என்று எல்லோரும் சொன்னாலும், அடித்தளம் போட்டவர்கள் போர்த்துக்கேயர். 1602இல் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவர் மட்டக்களப்பில் இறங்கி, இங்கிருந்து கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தார். கண்டி அரசனுக்கு வெளியுலகத்தோடு தொடர்பு கொள்ளக் கிழக்குக் கரைதான் வழி என்பது போர்த்துக்கேயருக்கு விளங்கியது. திருகோணமலையில் ஒரு கோட்டை கட்டினார்கள். 1628இல் இங்கே இன்னொன்று. வாசலை அடைப்பது போலத்தான்.

பத்து வருடம்தான் தாங்கியது. 1638 மே 18ஆம் தேதி கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் இதைப் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கைக்கு வந்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுதான். ஐந்து நாள் கழித்து இங்கேயே உடன்படிக்கை. பிடிக்கிற கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருக்கலாம், ஆனால் மன்னன் விரும்பினால் மட்டும் என்றது மன்னன் கையிலிருந்த பிரதி. ஒல்லாந்தர் வைத்துக்கொண்ட பிரதியில் “மன்னன் விரும்பினால்” என்ற சொற்களே இல்லை! இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்களத்தில் இன்றும் சொல்வது, போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரை உள்ளே விட்ட இதைத்தான். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். பிற்பாடு கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், உள்ளே குடியேறி நீண்ட காலம் இயங்கியது. பிறப்புச் சான்றிதழ், காணிப் பிரச்சினை, ஓய்வூதியம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கோட்டைக்குப் போனதெல்லாம் கடதாசிக் கட்டோடுதான்.

இந்தக் கதை தெரிந்து போனால் ஒரு மணி நேரம் போதாது. தெரியாமல் போனால் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம், ஏனென்றால் கோட்டை சின்னது. நான்கு மூலையிலும் கொத்தளம், வாவியைப் பார்த்தபடி பழைய பீரங்கிகள், வாசலில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம். மகனை மதிலில் ஏற்றி வாவியைக் காட்டுங்கள். ஒரு படை ஏன் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பது அங்கே நின்றால் விளங்கும். அம்மா மேலே ஏற வேண்டாம், வாசல் சின்னத்தைப் பார்த்துவிட்டு உள்ளே நிழலில் இருக்கலாம். வார நாளில் காலையிலேயே போங்கள். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை, சனி, ஞாயிறு என்றால் திறந்திருக்குமா என்று தங்குமிடத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

காலையிலேயே என்று நான் சொல்வதற்குக் காரணம் கச்சான் காற்று. ஆகஸ்டில் மேற்கிலிருந்து தரை சுட்டு வருகிற காற்று அது. கடற்கரை ஊர்தானே, குளிராக இருக்கும் என்று எண்ணி வருகிறவர்கள் பதினொரு மணிக்குச் சுருண்டுவிடுவார்கள். பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை அம்மாவை வெளியே கூட்டிப்போக வேண்டாம். வெயில் ஏறுமுன் கோட்டையை முடித்துக்கொண்டு ஆனைப்பந்திப் பிள்ளையார், புனித மரியாள் பேராலயம், மெதடிஸ்த மத்திய கல்லூரி என்று தீவுக்குள்ளேயே ஒரு ஆட்டோவில் சுற்றலாம். அந்தக் கல்லூரி 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற இளம் பாதிரியார் தொடங்கியது. வந்து ஒரு வருடம் முடியுமுன்னே, 1815இல், இங்கேயே இறந்துபோனார்.

சாயங்காலம் கல்லடி. 1924இல் திறந்த இரும்புப் பாலத்துக்கு ஆளுநர் மனிங்கின் மனைவி பெயர், லேடி மனிங் பாலம். 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் வந்துவிட்டது. பாலம் தாண்டிப் போனால் சுவாமி விபுலாநந்தரின் சமாதி. காரைதீவில் 1892இல் பிறந்து, பழந்தமிழரின் யாழைத் தேடி ஆயுளைக் கழித்த மனிதர். கல்லடிக் கடற்கரைக்கும் போகலாம், ஆனால் கால் நனைக்க மட்டும். அலை இழுக்கும். அருகே திருச்செந்தூர் முருகன் கோயில், 2004 டிசம்பர் 26 சுனாமியில் கோபுரம் சாய்ந்ததால் நாடறிந்த கோயில்.

இப்போது பாடும் மீன். சத்தம் உண்மை. பாடுவது மீனா என்பதில்தான் வழக்கு. ஊரி என்கிற சிப்பி வகைதான் என்று மீனவர்கள் சொல்வார்கள். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கில அதிகாரி இரவில் தோணியில் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் இயேசு சபைக் குருவானவர் ஒருவர் அதை ஒலிப்பதிவு செய்ய, இலங்கை வானொலியிலும் ஒலித்தது. காற்று அடங்கிய நிலவு இரவாக இருக்க வேண்டும், ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை வாய்ப்பு. கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்பது வழக்கம். தம்புராவின் ஒற்றைத் தந்தியை யாரோ தூரத்தில் தட்டியது போல, மெல்ல வந்து மெல்லப் போகும். நான் ஒருமுறை இயந்திரப் படகில் ஆட்களை ஏற்றிப்போய், டீசல் சத்தத்தைத்தான் கேட்கவைத்தேன். பாலத்தில் வாகன இரைச்சல் அடங்கிய பிறகு, துடுப்புத் தோணியில், பழகிய தோணிக்காரரோடு போங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாமல் பிள்ளையை ஏற்றாதீர்கள். ஒன்றும் கேட்காமலும் திரும்பலாம், அதையும் முன்னமே சொல்லி வையுங்கள்.

வெளிச்சவீட்டுக்கும் நேரம் இருந்தால் ஒரு காலை. பாலமீன்மடுவில் 1913இல் கட்டியது, 28 மீட்டர் உயரம். பக்கத்தில்தான் முகத்துவாரம், வாவி கடலைச் சேருமிடம். கண்டல் மரங்களுக்கிடையே படகுப் பயணமும் உண்டு.

சரி, மகனுக்குக் கடல் வேண்டும் அல்லவா? அது பாசிக்குடா. நகரத்திலிருந்து வடக்கே 35 கிலோமீட்டர். முருகைக் கற்பாறை அலையைத் தடுப்பதால் குளம் போலக் கிடக்கும் குடா. நெடுந்தூரம் நடந்து போனாலும் தண்ணீர் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான். பக்கத்துக் கல்குடாவில் ஆழமும் அலையும் வேறு, அங்கே இறக்க வேண்டாம். நீங்கள் பொலன்னறுவை வழியாக வருவதானால் வாழைச்சேனை தாண்டித்தான் நகரத்துக்கு வருவீர்கள், போகிற வழியிலேயே குளித்துவிடலாம் என்று தோன்றும். தோன்றினாலும் நிறுத்தாதீர்கள். நடுப்பகல் வெயிலில் மணல் சுடும், உப்புத் தண்ணீரோடு வேனில் இருப்பது அம்மாவுக்குச் சரிவராது. திரும்புகிற நாள் விடியற்காலையில் அறையைக் காலி செய்து, ஏழு மணிக்குத் தண்ணீரில் இறங்கி, ஒன்பதுக்குக் கரையேறிப் பொலன்னறுவைப் பாதையைப் பிடியுங்கள். வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

அறை எடுக்குமுன் நாட்காட்டியைப் பாருங்கள். ஆடி அமாவாசை சில வருடம் ஆகஸ்டில் விழும். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு ஊரே திரளும், அறை கிடைப்பது கஷ்டம். தீர்த்தமும் பார்க்க ஆசையென்றால் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள், அந்த நாளில் அம்மாவைக் கூட்டத்துக்குள் இறக்க வேண்டாம்.

எருமைத் தயிர் வாங்காமல் போகமாட்டீர்கள், தெரியும். கடைசி நாள் வாங்குங்கள். சட்டியை வேன் தரையில், அம்மாவின் காலடியில், துணி சுற்றி நேராக வையுங்கள்.