வேலை முதலிலா, போதையை விடுவது முதலிலா?

போதைப்பழக்கமும் வேலையிழப்பும் பணமுடையும் ஒரே வீட்டில் சேர்ந்துகொள்வதைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. இரண்டு வருடமாக சியாபு (மெத்தம்ஃபெட்டமின் என்னும் போதைப்பொருள்) எடுக்கிறான். பிறையில் அவன் இருந்த தொழிற்சாலையில் போன மாதம் ஆட்குறைப்பு செய்ததில் வேலையும் போய்விட்டது. "எங்கேயாவது வேலையில் பிடித்துப் போடுங்கள், தானாகத் திருந்துவான்" என்கிறார் என் தம்பி. "முதலில் அதை விடட்டும், அப்புறம் வேலை" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? – ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அம்மா, இருவர் சொல்வதிலும் பாதிப் பாதி சரி. உங்கள் தம்பி சொல்வதை அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கென்னத் சில்வர்மன் 1990களிலிருந்து போதைப்பழக்கம் உள்ள ஏழைகளுக்காகவே ஒரு வேலைத்தலம் அமைத்து ஆராய்ந்தவர். 2007இல் வெளிவந்த ஆய்வில் 56 பேர். எல்லாரும் மெத்தடோன் (ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் மருந்து) சிகிச்சையில் இருந்துகொண்டே கொக்கெய்னும் எடுத்தவர்கள். எல்லாருக்கும் சம்பளத்தோடு பயிற்சி வேலை. ஒரு பாதிப் பேர் போதை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வேலைக்கு வரலாம். மறு பாதிப் பேருக்குச் சிறுநீர்ச் சோதனையில் கொக்கெய்ன் இல்லையென்றால்தான் வேலையும் முழுச் சம்பளமும். ஆறு மாத காலத்தில், வேலை மட்டும் கிடைத்தவர்களின் சோதனைகளில் 10 விழுக்காடுதான் சுத்தம். நிபந்தனையோடு வேலை பெற்றவர்களுக்கு அது 29 விழுக்காடு. 29 பெரிய எண் இல்லைதான். ஆனால் வேறு எதற்கும் அசையாத பழக்கம் உள்ளவர்களிடம் கிடைத்த எண் அது. வேலையும் சம்பளமும் மட்டும் போதையைக் குறைக்கவில்லை. சம்பளத்தை நிதானத்தோடு கட்டியபோதுதான் குறைந்தது.

உங்கள் கணவர் சொல்வதுபோல் காத்திருந்தால் வேறு சிக்கல் வரும். ஹெராயினுக்கு மெத்தடோன் இருப்பதுபோல் சியாபுவுக்கு அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து எதுவும் இல்லை. அவ்வகைப் போதைக்கு ஆராய்ச்சியில் மிக வலுவாக நிற்பது, சுத்தமான சோதனைக்கு உடனே பரிசு தரும் முறைதான். கையில் காசும் செய்ய வேலையும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு நாளை என்பதே மங்கிப்போகும். தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை பகுதிக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, அறுவடைக்கு முன் பணமுடையில் இருந்தபோது யோசிக்கும் சோதனைகளில் திணறிய அதே மனிதர்கள், அறுவடைப் பணம் வந்தபின் தேறினார்கள் என்று காட்டியது. வறுமையே திட்டமிடும் சக்தியைத் தின்கிறது. "முதலில் திருந்து, பிறகு பார்க்கலாம்" என்பது அந்தச் சக்தி மிகக் குறைந்த நேரத்தில் அவனிடம் அதை மிக அதிகமாகக் கேட்பதாகும்.

இரண்டையும் ஒன்றாகச் செய்தால் என்ன ஆகும்? பால்டிமோர் குழுவின் 2020 ஆய்வில் 91 பேர். வேலை தேட ஆள் வைத்து உதவினார்கள். வெளியில் வேலை கிடைத்தபின், சோதனை சுத்தமாக இருக்கும்வரை சம்பளத்துக்கு மேல் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். ஓராண்டில் சுத்தமான சோதனைகள் 65 விழுக்காடு. வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களுக்கு 45. வேலை கிடைத்தவர்கள் 59 விழுக்காடு, வழக்கமான உதவி பெற்றவர்களில் 28. வறுமைக்கோட்டைத் தாண்டி மேலே வந்தவர்கள் 61 விழுக்காடு, மற்றவர்களில் 30.

ஆகவே சிகிச்சையையும் வேலை தேடலையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள். ஆட்குறைப்பில் போன வேலை என்பதால், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில் உங்கள் மகனுக்கு உதவித்தொகை உண்டு. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது, தள்ளிப்போடாதீர்கள். (தானாக விலகியவர்களுக்கும் ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்கும் இது கிடையாது.) மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்னும் வேலை தேடும் இணையதளத்திலும் அவரைப் பதிந்துவிடுங்கள். சிகிச்சைக்கு அரசு சுகாதாரக் கிளினிக்கை அணுகலாம், அல்லது தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே.யின் அலுவலகத்துக்குத் தானாக முன்வந்து போகலாம். பிடிபட்டுப் போவதற்கும் தானாகப் போவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. உதவித்தொகை மொத்தமாகக் கைக்கு வரும் நாள் ஆபத்தான நாள். அன்று காலையே வாடகையும் மின்கட்டணமும் போய்விடும்படி அவரோடு பேசி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: புக்கிட் மெர்தாஜாமில் லாரி வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மறுவாழ்வு மையத்திலிருந்து வந்த இரண்டு பையன்களை எடுக்க நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் முறையை ஒரு சின்னக் கடையில் எப்படி நடத்துவது? – தொழில் செய்பவர்

பதில்: ஐயா, இந்த முறையின் வேர் வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990களின் தொடக்கத்தில் அமைத்த திட்டம். முதல் சுத்தமான சோதனைக்கு 2.50 டாலர் மதிப்புள்ள சீட்டு. அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 1.25 டாலர் கூடும். தொடர்ந்து மூன்று சுத்தமானால் 10 டாலர் கூடுதல். ஒன்று தவறினால் மீண்டும் 2.50. நாள் கூடக்கூட இழப்பதற்கு அதிகம் இருக்கிறது என்பதுதான் இதன் சூட்சுமம்.

உங்கள் கடைக்கு ஒரு கணக்கு. திங்கள், புதன், வெள்ளி சோதனை. சியாபு பொதுவாக இரண்டு மூன்று நாள்வரை சிறுநீரில் தெரியும். வாரம் ஒருமுறை மட்டும் பார்த்தால் இடைவெளியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் சுத்தமான சோதனைக்கு 10 ரிங்கிட், ஒவ்வொரு முறையும் 2 ரிங்கிட் கூட்டி, 40 ரிங்கிட்டில் நிறுத்துங்கள். 12 வாரம், 36 சோதனை, ஒன்றுகூடத் தவறாவிட்டால் ஓர் ஆளுக்கு மொத்தம் 1,200 ரிங்கிட். மாதத்துக்கு 400, குறைந்தபட்சச் சம்பளமான 1,700இல் ஏறத்தாழக் கால்பங்கு. அதிகம் என்று நினைத்து ஐந்து, ஆறு ரிங்கிட்டாகக் குறைத்துவிடாதீர்கள். 1999இல் சில்வர்மன் குழு ஒரே ஆட்களுக்கு மூன்று அளவுகளைக் கொடுத்துப் பார்த்தது. ஒன்பது வாரத்தில் 3,480 டாலர்வரை பெற முடிந்தபோது பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் நான்கு வாரமோ அதற்கு மேலோ தொடர்ந்து சுத்தமாக இருந்தார்கள். உச்சம் 382 டாலராக இருந்தபோது இரண்டு வாரத்தைத் தாண்டியவரே ஒரே ஒருவர்தான்.

ஊக்கத்தொகை சம்பளத்துக்கு மேலே இருக்க வேண்டும். சம்பளத்தைப் பிடித்துவைத்து, "சுத்தமானால் தருகிறேன்" என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி கூடாது. சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறு எதையும் பிடிக்க முடியாது. விதிகளை ஒரு பக்கத்தில் தமிழிலோ மலாயிலோ எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு வராத நாளும் தவறிய நாளே. தவறினால் 10 ரிங்கிட்டுக்கு இறங்கும். ஆனால் அதன்பின் ஐந்து சோதனை தொடர்ந்து சுத்தமானால் விழுந்த இடத்துக்கே திரும்ப ஏற்றிவிடுங்கள். இந்தப் படி இல்லாவிட்டால் ஒருமுறை சறுக்கியவர், "எல்லாம் போச்சு" என்று முழுக்க விழுந்துவிடுவார். தவறிய அன்று இரும்பு வெட்டும் இயந்திரம், ஃபோர்க்லிஃப்ட் பக்கம் விடக்கூடாது. ஆனால் வேலையை விட்டு நீக்காதீர்கள். மறுநாள் காலை வரச் சொல்லுங்கள். முதல் தவறுக்கே வெளியே அனுப்பும் முதலாளியிடம் இந்த முறை ஒரு மாதம்கூட நிற்காது.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: தாமதம். மாதிரியை எங்கோ அனுப்பி, முடிவு வியாழன் வந்து, பணம் மாதக் கடைசியில் என்றால் பயன் இல்லை. ஐந்து நிமிடத்தில் காட்டும் சோதனைப் பட்டையை வைத்துக்கொண்டு, பணத்தை அன்றே கையில் கொடுங்கள், அல்லது அன்றே மளிகைச் சீட்டாகக் கொடுங்கள். மாதிரிக் குப்பியில் வெப்பப் பட்டை இருக்கட்டும். எடுத்த நான்கு நிமிடத்துக்குள் 32 முதல் 38 பாகை காட்டாவிட்டால் அது அப்போது எடுத்ததல்ல. சளி மருந்தில் உள்ள சூடோஎஃபெட்ரின் சியாபு போலப் பொய்யாகக் காட்டலாம். அவர் மறுத்தால், தொகையை இறக்குவதற்கு முன் ஆய்வகத்தில் உறுதிப்படுத்துங்கள். மற்ற தொழிலாளிகள் முன்னால் சோதிக்கவே கூடாது. நேரத்துக்கு வருவதற்குத் தனியாகச் சிறு தொகை வையுங்கள். பலருக்குச் சிக்கல் போதையைவிடக் காலை எட்டு மணிதான்.

12 வாரத்தோடு நிறுத்தாதீர்கள். நிபந்தனை நீங்கியதும் பலர் பழையபடி திரும்புகிறார்கள் என்பது இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. சோதனையை வாரம் ஒருமுறை, முன்னறிவிப்பில்லாத நாளுக்கு மாற்றி, ஓராண்டாவது தொடருங்கள். இரத்த அழுத்த மாத்திரையை மூன்று மாதத்தில் நிறுத்துகிறோமா?

கேள்வி: போதை எடுக்காமல் இருப்பதற்குக் காசு கொடுப்பது லஞ்சம் இல்லையா? அந்தக் காசிலேயே குடிப்பார்கள். எங்கள் இளைஞர் சங்கத்திடம் அவ்வளவு பணமும் இல்லை. – செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நம் ஆட்களிடமே செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. சென்னையில் 229 சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளிகளை வைத்துப் பொருளியலாளர் ஃபிராங்க் ஷில்பாக் மூன்று வாரம் நடத்தி, 2019இல் வெளியிட்டார். தினமும் ஊதிப் பார்க்கும் கருவியில் சோதனை. குடித்திருந்தால் 60 ரூபாய், நிதானமாக இருந்தால் 120. ஒப்பீட்டுக் குழுவுக்கு எப்படி வந்தாலும் 90. ஊக்கத்தொகை பெற்றவர்களின் பகல்நேரக் குடி குறைந்தது, சேமிப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடியது. மொத்தக் குடி பெரிதாகக் குறையவில்லை, வருமானமும் கூடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். நிபந்தனையில்லாத பணத்தையும் நிதானத்துக்கான ஊக்கத்தையும் காட்டி எது வேண்டும் என்று கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் ஊக்கத்தையே தேர்ந்தார்கள். தன்னைத் தானே கட்டிக்கொள்ள ஒரு கயிறு தேடுபவருக்குக் கொடுப்பது லஞ்சம் ஆகாது.

பணம் குறைவாக இருக்கும் சங்கங்களுக்காக கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் நான்சி பெட்ரி அமைத்தது சீட்டுக் குடுவை. 500 சீட்டுகள்: 250இல் பாராட்டு மட்டும், 209இல் சிறு பரிசு, 40இல் பெரிய பரிசு, ஒன்றில் மாபெரும் பரிசு. சுத்தமான சோதனைக்கு ஒரு சீட்டு எடுக்கலாம். தொடர்ந்தால் எடுக்கும் எண்ணிக்கை கூடும். சிறியதை 3, பெரியதை 30, மாபெரும் பரிசை 200 ரிங்கிட் பொருளாக வைத்தால், ஒரு சீட்டுக்குச் சராசரிச் செலவு சுமார் 4 ரிங்கிட். மதுப்பழக்கம் உள்ள 42 முன்னாள் ராணுவத்தினரிடம் 2000இல் செய்த ஆய்வில், எட்டு வாரச் சிகிச்சையில் இறுதிவரை நின்றவர்கள் குடுவைக் குழுவில் 84 விழுக்காடு, மற்றதில் 22. நம்பர் (லாட்டரி) எடுப்பதில் பைத்தியமாக இருப்பவர்களுக்கு மட்டும் இதை வைக்காதீர்கள். அவர்களுக்கு நிச்சயத் தொகையே நல்லது.

கேள்வி: கணவர் தினமும் சம்சு (மலிவான சாராயம்) குடிக்கிறார். காலையில் கை நடுங்குகிறது. இனி ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காமல் ஒரே நாளில் நிறுத்த வைக்கலாமா? – நிபோங் திபால்

பதில்: வேண்டாம் அம்மா. காலையில் கை நடுங்குகிறவர் திடீரென நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் உளறலும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ மருந்தோடும் வைட்டமின் பி1 ஊசியோடும் நிறுத்த வேண்டும். முன்பு வலிப்பு வந்திருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். சம்சு குடித்தபின் கண் மங்கினால், அது மெத்தனால் நஞ்சாக இருக்கலாம், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 2018 செப்டம்பரில் கோலாலம்பூர், சிலாங்கூர் வட்டாரத்தில் பலர் அப்படித்தான் இறந்தார்கள்.

அவரைச் சிகிச்சைக்குச் சம்மதிக்க வைக்க, ராபர்ட் மேயர்ஸ் அமைத்த குடும்பப் பயிற்சி முறை உண்டு. 1999 ஆய்வில் அதைக் கற்ற குடும்பங்களில் 64 விழுக்காட்டினர் தங்கள் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். உறவினர் கூடி முகத்துக்கு நேரே வற்புறுத்தும் முறையில் 30தான். குடித்திருக்கும்போது வாதாடாதீர்கள். குடிக்காமல் வந்த மாலையில் பிடித்ததைச் சமைத்து, உட்கார்ந்து பேசுங்கள். குடித்து வந்தால் சண்டையின்றி விலகிவிடுங்கள். முதலாளிக்குப் பொய் சொல்லி லீவு கேட்பதையும் நிறுத்துங்கள். அவரே வருத்தப்படும் காலையில், "இன்றைக்கே கிளினிக் போவோமா?" என்று கேளுங்கள். கை ஓங்குபவராக இருந்தால் இதையெல்லாம் தனியாக முயலாமல் முதலில் அரசின் உதவி எண்ணான 15999 தாலியான் காசேயை அழையுங்கள்.

கேள்வி: மெத்தடோன் குடிக்கிறேன். புது கம்பெனியில் சிறுநீர்ச் சோதனை கேட்கிறார்கள். இரண்டு வாரம் நிறுத்திவிட்டுப் போகலாமா? – பாயான் லெப்பாஸ்

பதில்: நிறுத்தவே நிறுத்தாதீர்கள். உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிட்டபின் பழைய அளவில் மீண்டும் ஹெராயின் எடுப்பவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள். ஹெராயினைக் காட்டும் வழக்கமான மார்ஃபின் சோதனைப் பட்டையில் மெத்தடோன் தெரியாது. அதற்கெனத் தனிப் பட்டை உண்டு. கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்கி, சோதனைக்கு முன்பே மருத்துவரிடம் கொடுங்கள். இரவு ஷிஃப்ட் என்றால், மருந்து குடிக்கும் நேரத்தை மாற்றவோ, நிலையாக இருப்பவர்களுக்குத் தரும் வீட்டு மருந்தைக் கேட்கவோ கிளினிக்கில் பேசுங்கள். அளவை மாற்றிய முதல் சில நாள்களில் தூக்கம் வரும். அந்த நாள்களில் ஓடும் இயந்திரத்தில் நிற்காதீர்கள்.