நேரு மாமாவும் நேரு அப்பாவும்

ஐயா, வணக்கம்.

நவம்பர் 14 அன்று எங்கள் பள்ளியில் நேருவைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ரோஜாப்பூ, நேரு மாமா என்று வருடாவருடம் அதையே பேசி எனக்கே அலுத்துவிட்டது. சக ஆசிரியர் ஒருவர், "பெற்ற பெண்ணைப் பக்கத்தில் இருந்து வளர்க்காதவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாமாவா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

நியாயமான கேள்விதான். 1921-க்கும் 1945-க்கும் நடுவில் ஒன்பது முறை சிறை, கூட்டினால் ஏறக்குறைய ஒன்பது வருடம். இந்திராவின் பதின்மூன்று வயதை மட்டும் பாருங்கள்: 1930 அக்டோபரில் அப்பா நைனி சிறையில், 1931 புத்தாண்டு அன்று அம்மா கமலாவும் கைது, இருவரும் வெளியே வந்த கையோடு பிப்ரவரியில் தாத்தா மோதிலால் இறந்துபோகிறார், அந்த வருடம் முடிவதற்குள் அப்பா மறுபடி உள்ளே. இதைத் தியாகம் என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுவது எனக்குப் பிடிக்காது. விலை கொடுத்தது அந்தப் பெண்ணும்தான்.

ஆனால் அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. சிறையிலிருந்து என்ன பரிசு அனுப்ப முடியும் என்று பிறந்தநாள் கடிதம் எழுத ஆரம்பித்தவர், 1933 வரை உலக வரலாற்றையே கிட்டத்தட்ட இருநூறு கடிதங்களாக எழுதித் தள்ளினார், பக்கத்தில் நூலகம்கூடக் கிடையாது. அதற்கு முன்பே, 1928 கோடையில், பத்து வயது மகள் முசூரியில் இருந்தபோது அலகாபாத்திலிருந்து எழுதியவை இன்னும் அருமை. (அவையும் சிறைக் கடிதங்கள் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை.) ராஜா கதையில் தொடங்கவில்லை அவர். ஒரு கூழாங்கல் ஏன் உருண்டையாக வழவழவென்று இருக்கிறது, அது எந்த மலையிலிருந்து உடைந்து எந்த ஆற்றில் உருண்டு வந்திருக்கும், யோசித்துப் பார் என்கிறார். கொஞ்சல் குறைவு, மரியாதை அதிகம். பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு புரியும் என்று நம்பி எழுதிய அந்த எழுத்துதான் எனக்குப் பிடித்த நேரு. ரோஜாவை விட்டுவிட்டு இதைப் பேசுங்கள்.

யானைக் கதையும் இருக்கிறது. போர்க்காலத்தில் தோக்கியோ உயேனோ விலங்குக் காட்சிசாலையின் யானைகளைப் பட்டினி போட்டே சாகடித்துவிட்டார்கள். போர் முடிந்ததும் அந்த ஊர்ப் பிள்ளைகள் யானை கேட்டு நேருவுக்குக் கடிதம் எழுத, 1949-ல் மைசூரிலிருந்து ஒரு யானை கப்பலேறியது. பெயர் இந்திரா. இது என் பரிசு இல்லை, இந்தியக் குழந்தைகள் ஜப்பான் குழந்தைகளுக்குத் தருவது என்று பதில் எழுதினார்.

சரி, குறையே இல்லையா என்றால், இருக்கிறது, உங்கள் நண்பர் தொடாத இடத்தில். அரசியலமைப்பின் 45-வது பிரிவு, பத்தாண்டுக்குள் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. அந்தக் கெடு 1960-ல் முடிந்தது. நேரு 1964 வரை பிரதமர், ஐஐடிகள் வந்தன, இது நடக்கவில்லை. கல்வி அப்போது மாநிலப் பட்டியலில் இருந்தது என்று சாக்குச் சொல்லலாம்தான், ஆனால் அதே காலத்தில் இங்கே காமராஜர் ஊர் ஊராகப் பள்ளியும் மதிய உணவும் கொண்டுவந்தாரே! நாடு முழுக்க இலவசக் கட்டாயக் கல்வியைச் சட்டமாக்க 2009 ஆனது.

கேட்கப்போவது சின்னப் பிள்ளைகள் என்றால் யானையில் ஆரம்பியுங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்பு என்றால் அந்த 45-வது பிரிவையும் சேர்த்தே சொல்லுங்கள், தாராளமாகப் புரியும்.