மூன்று வருஷத்துக்கு முன் வந்த பெண்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வேளாண் பொருளியலில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நிலத்தடி நீர் இறங்க இறங்க விவசாயிகள் எந்தப் பயிருக்கு மாறுகிறார்கள் என்பதுதான் என் தீசிஸ். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு பிர்க்காவில் (வருவாய்க் குறுவட்டத்தில்) 120 குடும்பங்களிடம் சர்வே எடுக்கிறேன். பாதி முடிந்துவிட்டது.

போன வாரம் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் பக்கம் வரைக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். போர் எத்தனை அடி என்று கேட்டதும் சிரித்துவிட்டார். “மூணு வருசத்துக்கு முந்தி ஒரு பொண்ணு வந்து இதேதான் கேட்டுச்சு. அதுகிட்ட சொன்னதையே எழுதிக்க தம்பி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவர்கள் நேரத்தைத் தின்று நான் பட்டம் வாங்கப் போகிறேன், இவர்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது என்ற எண்ணம் விடவில்லை.

இந்த மாதிரி ஆராய்ச்சியால் விவசாயிக்கு உண்மையிலேயே பயன் உண்டா? பேட்டி கொடுப்பவர்களுக்கு ஏதாவது பணம் தர வேண்டுமா? ஊருக்கே போகாமல் செயற்கைக்கோள் படங்களையும் அரசுப் புள்ளிவிவரங்களையும் வைத்தே செய்துவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். அது சரியா?

பி.கு.: இதுவரை வந்த டேட்டாவை ஓட்டிப் பார்த்தேன். ஆர் ஸ்கொயர், அதாவது பயிர்த் தேர்வில் உள்ள வேறுபாட்டில் என் கேள்விகள் விளக்குகிற பங்கு, 0.31தான் வருகிறது. கைடிடம் காட்டவே வெட்கமாக இருக்கிறது.

க.

*

அன்புள்ள க.,

உங்கள் கேள்விகளுக்காக இதை எழுத உட்காரவில்லை. அந்தப் பெரியவர் சொன்ன ஒரு வரிக்காக உட்கார்ந்தேன். சில நாட்களாக இருவேல்பட்டு என்ற ஊரைப் பற்றிய பழைய கட்டுரைகளை மறுபடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு நடுவில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் திட்டிவிடுகிறேன். தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனசு, சந்தோஷம். ஆனால் உங்கள் தூக்கம் கெட்டதால் அந்தப் பெரியவருக்கு ஒரு அடி தண்ணீர் ஏறப்போவதில்லை. அவர் உங்களிடம் ஒரு வேலை சொன்னார். “அதுகிட்ட சொன்னதையே எழுதிக்க” என்றார். அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டாமா? அந்தப் பெண் யார், எந்தக் கல்லூரி, என்ன மாதம் வந்தாள், வேறு எந்தெந்த வீட்டுக்குப் போனாள்? நிலத்தடி நீர் பற்றி ஆராய்ச்சி செய்கிறவனிடம், மூன்று வருஷத்துக்கு முன் இதே போர் எத்தனை அடியில் இருந்தது என்று எழுதிய தாள் ஒன்று இருக்கிறது என்று ஒருவர் வலிய வந்து சொல்கிறார். அவனுக்குக் குற்ற உணர்ச்சி வருகிறது!

நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். 120 பேரை இரண்டாகப் பிரிப்பீர்கள். போரில் தண்ணீர் இருப்பவர் ஒரு பக்கம், வற்றிப்போனவர் மறுபக்கம். முன்னவர் நெல்லோ கரும்போ போட்டிருப்பார். பின்னவர் மணிலாவோ (நிலக்கடலை) உளுந்தோ போட்டிருப்பார், அல்லது தரிசாக விட்டிருப்பார். ‘நீர் குறையும்போது விவசாயிகள் மானாவாரிப் பயிருக்கு மாறுகின்றனர்’ என்று ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதிவிடுவீர்கள். ஆனால் யாரும் மாறியதை நீங்கள் பார்க்கவில்லை. இரண்டு வேறு வேறு ஆட்களைப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். தண்ணீர் உள்ளவர் ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருப்பவராக இருக்கலாம். வற்றியவருக்கு மேட்டு நிலம், அப்பா காலத்திலிருந்தே மணிலாதான் போட்டிருப்பார். முன்னவருக்கு இரண்டாவது போர் போட மைத்துனர் பணம் கொடுத்திருப்பார், பின்னவருக்கு மைத்துனரே இல்லை. இதையெல்லாம் தண்ணீர் செய்த வேலை என்று எழுதினால் அது ஆராய்ச்சி ஆகாது.

இதைவிட மோசமான இன்னொன்று இருக்கிறது. சாம்பிளுக்கு லிஸ்ட் எங்கே வாங்கினீர்கள்? வி.ஏ.ஓ.விடம்தானே. அதில் பெயர் இருக்கும். வீட்டுக்குப் போனால் பூட்டியிருக்கும். ‘அவங்க பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போய்ட்டாங்க’ என்பார்கள் பக்கத்து வீட்டில். உடனே அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், மாற்று சாம்பிள் என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். கிணறு வற்றியதற்கு மிகப் பெரிய பதிலைச் சொன்னவர் அந்தப் பூட்டிய வீட்டுக்காரர்தான். அவரை அடித்துவிட்டு, ஊரில் மிஞ்சியவர்களிடம் மட்டும் கேட்டு, ‘நீர்ப் பற்றாக்குறையை விவசாயிகள் சமாளிக்கின்றனர்’ என்று முடிவுரை எழுதுகிறோம். சமாளிக்க முடிந்தவர்களிடம் மட்டும் போய்க் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? அந்தப் பெண்ணின் தாள் கிடைத்தால், அதில் இருந்து இப்போது ஊரில் இல்லாதவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அது தெரிவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

ஞாபகத்திலிருந்து கேட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. உங்கள் மாவட்டத்தில் விவசாய மோட்டார்களுக்கு இலவச மின்சாரம், பெரும்பாலும் மீட்டர் இல்லை. அதனால் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்பீர்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை அவர் சொல்வார். மூன்று வருஷத்துக்கு முன் எத்தனை மணி என்றாலும் அதையேதான் சொல்வார். ஞாபகம் அப்படித்தான், இன்றைக்கு இருப்பதை நேற்றுக்கும் பூசிவிடும். வைத்தியரிடம் போனால் அவர் முதலில் பழைய ரிப்போர்ட்டைத்தான் கேட்கிறார், போன வருஷம் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று நம்மிடம் கேட்பதில்லை. பயிர்ச் சாகுபடிச் செலவுக்கென்று மத்திய அரசு நடத்தும் திட்டம் 1970-71இல் தொடங்கியது. அதில் களப்பணியாளர் ஊர்ப்பக்கமே தங்கி, நடவு, களை, உரம் என்று நடக்க நடக்கக் கணக்கு எழுத வேண்டும் என்று வைத்ததும் இதனால்தான்.

அந்தப் பெண்ணின் தாள்கள் இப்போது எங்கே இருக்கும்? இதைத்தான் பல காலமாக மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

இளவயதில் நானும் கொஞ்ச காலம் ஒரு நிறுவனத்துக்காக ஷெட்யூல் என்கிற கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவன். பிற்பாடு ஒரு நாள் வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே சணல் கயிறு போட்டுக் கட்டிய கட்டுகள், பாதிக்குமேல் கரையான் ஏறியவை. மூன்று சக்கர வண்டிக்காரர் ஒருவர் ஒவ்வொன்றாகத் தூக்கித் தராசில் வைத்துக்கொண்டிருந்தார். பழைய பேப்பர் விலைதான். ஒரு கட்டை அவிழ்த்து மேலே இருந்ததைப் புரட்டினேன். யார் எழுதியதோ தெரியாது, எனக்குத் தெரிந்த கையெழுத்து இல்லை. ‘கறவை மாடுகள் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் 2 என்று எழுதி, அடித்து, 1 என்று திருத்தியிருந்தது. ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: ‘ஒன்று நேற்று விற்றது. கிணறு ஆழப்படுத்த அட்வான்ஸ்.’

கம்ப்யூட்டருக்குள் போனது 1. தீசிஸில் வந்தது சராசரி, 1.4 என்றோ 1.6 என்றோ. தண்ணீருக்காக மாடு போனது என்ற செய்தி தராசில் ஏறி வண்டியில் போய்விட்டது. கேள்வித்தாளில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது, அதை எழுதச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. அந்த வரியை எழுதிய கை எவனுடையதோ, அவன் நல்ல பொருளாதார நிபுணன்.

இப்போது இருவேல்பட்டுக்கு வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1916இல் மாணவர்களைக் கேள்விப்பட்டியலோடு ஊர்களுக்கு அனுப்பினார். தென்னாற்காட்டில் இருவேல்பட்டு, வடஆற்காட்டில் தூசி, தஞ்சாவூரில் பாலக்குறிச்சி, திருநெல்வேலியில் கங்கைகொண்டான், ராமநாதபுரத்தில் வடமலாபுரம். 1918இல் எல்லாம் ஊர்ப் பெயரோடு அச்சில் வந்துவிட்டது. ஊர்ப் பெயர் இருந்ததால் 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போக முடிந்தது. 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1981இல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். குகன் அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்தவர். அத்தனை பெரிய கோப்புகளைப் பார்த்த மனிதர், பிறகு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் உட்கார்ந்து ஒரு சின்ன ஊரின் வீட்டுக் கணக்கை எண்ணிக்கொண்டிருந்தார். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மறுபடி போனார்கள்.

ஸ்லேட்டர் காலத்தில் அங்கே படியாள் முறை இருந்தது. கல்யாணத்துக்கோ வேறெதற்கோ மிராசுதாரிடம் கடன் வாங்கியவன் அதை அடைக்கவே முடியாமல் அவர் நிலத்திலேயே கிடப்பான். கடன் மகனுக்கு இறங்கும். ஊர் நிலத்தில் பெரும்பகுதி ஒரே குடும்பத்தின் கையில். 2008இல் போனவர்கள் பார்த்தது வேறு ஊர். அந்தக் குடும்பத்தின் பிடி தளர்ந்து, படியாள் முறை மறைந்து, பிழைப்புக்கு வயலை மட்டும் நம்பாத ஊர். இது எப்போது, எந்த வழியில் நடந்தது என்று ஒருவர் ஒரே ஒரு முறை போய் 120 பேரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியுமா? திரும்பத் திரும்பப் போனதால் கிடைத்த அறிவு இது. உத்தரப்பிரதேசத்தில் பாலன்பூர் என்று ஒரு ஊர். 1957-58 முதல் ஒவ்வொரு சுற்றிலும் ஊரின் எல்லா வீடுகளுக்கும் போயிருக்கிறார்கள். ஹைதராபாத் பக்கத்தில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1975இல் கிராம ஆய்வைத் தொடங்கியபோது ஒரு ஊருக்கு நாற்பதே நாற்பது குடும்பங்கள். ஆனால் ஆள் ஊரிலேயே தங்கி, அதே குடும்பங்களிடம் சில வாரங்களுக்கு ஒருமுறை போய்ப் போய் எழுதினார். 120ஐவிட 40 சின்ன எண்தான். உலகம் முழுக்க எத்தனையோ பேர் அந்த நாற்பதை வைத்து இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தாள்கள் பத்திரமாக இருக்கின்றன, கேட்டால் கொடுக்கிறார்கள்.

நம் கல்லூரிகளில் வருஷா வருஷம் எத்தனை பிள்ளைகள் எத்தனை ஊர்களுக்குப் போகிறார்கள்! வைவா முடிந்த மறுநாள் தாள்களுக்கு வேலை இல்லை. அடுத்த வருஷம் அடுத்த பிள்ளை, ஒன்றாம் பக்கத்திலிருந்து, பெயர், வயது, கல்வித் தகுதி. தகவலின் இரகசியம் காக்க வேண்டும் என்பார்கள். காக்க வேண்டியதுதான், சந்தேகமே இல்லை. பெயரைக் கிழித்துத் தனியே பூட்டி வையுங்கள், வீட்டுக்கு ஒரு எண் கொடுங்கள். இக்ரிசாட்டுக்கு முடிந்தது உங்கள் துறைக்கு முடியாதா? இரகசியம் என்று சொல்லிக்கொண்டு பெயரோடு சேர்த்துப் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிற அக்கிரமம்தான் இப்போது நடக்கிறது.

உங்கள் கேள்விகளை மறந்துவிடவில்லை. பணம் தர வேண்டாம். நடவு நாளிலும் கரண்ட் வரும் நேரத்திலும் போய் நிற்காதீர்கள், அது போதும். பயன் உண்டா என்ற கேள்வியை ஐம்பது வயதில் கேளுங்கள். செயற்கைக்கோள் படம் பச்சையாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். பச்சை சொந்த நிலத்திலா குத்தகை நிலத்திலா, எந்தக் கடனில் வந்தது என்று அதற்குத் தெரியாது. வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்குப் போவதை விட்டுவிடாதீர்கள். உங்கள் பிர்க்காவில் எவ்வளவு நீர் உறிஞ்சப்படுகிறது என்ற அரசு மதிப்பீடும் அப்படித்தான், முதல் அத்தியாயத்துக்கு ஆகும்.

அந்தப் பெண்ணைக் கண்டுபிடிப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. கிருஷிகோஷ் இணையதளத்தில் வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இருக்கின்றன, மாவட்டப் பெயரும் நிலத்தடி நீரும் போட்டுத் தேடுங்கள். வேறு கல்லூரி என்றால் ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டுத் தளத்தையும் பாருங்கள், ஆனால் அங்கே பிஎச்.டி.தான் அதிகம். ஆய்வேட்டில் வெறும் அட்டவணைதான் இருக்கும். தாள் அவளிடம் இருக்கலாம், வீட்டுப் பரணில். இப்போதெல்லாம் எக்செல் கோப்பாவது யாரிடமாவது இருக்கும். பெயர் கிடைத்தால் அவளுக்கு எழுதுங்கள், கைடு வழியாகப் போகாதீர்கள், அவர் அனுமதிக் கடிதம் கேட்பார். கிடைக்கிற வரைக்கும், பெங்களூர் போனவர்களின் பெயரை லிஸ்டில் அடிக்காதீர்கள். போன் நம்பர் பக்கத்து வீட்டில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பேசினால் பேசுவார்கள்.

ஆர் ஸ்கொயர் 0.31 என்று வெட்கப்படுகிறீர்கள். மனுஷர்கள் எடுக்கிற முடிவில் மூன்றில் ஒரு பங்கை ஏழெட்டு கேள்வியால் சொல்லிவிட முடிந்தால் அதுவே அதிகம். 0.9 என்று கொண்டு வந்திருந்தால், ஷெட்யூலை எந்த டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பினீர்கள் என்றுதான் கேட்டிருப்பேன். கைடிடம் தைரியமாகக் காட்டுங்கள்.