ஆஸ்பத்திரியில் எழுதிய தூக்க மாத்திரையை வீட்டிலும் தொடரணுமா?

கேள்வி: 70 வயது அப்பா 10 நாள் வார்டில் இருந்தார். ராத்திரி குளோனாசெபாம் 0.5 மி.கி. கொடுத்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டிலும் அது இருக்கிறது. தொடரலாமா?

பெரும்பாலும் தேவைப்படாது. வார்டில் தூக்கத்தைக் கெடுப்பது விளக்கு, பக்கத்துக் கட்டில் இருமல், விடியுமுன் ரத்தம் எடுக்க வருவது, சாயங்காலம் போட்ட ஸ்டீராய்டு, நீர் போகிற மாத்திரை. வீட்டுக்கு வந்தால் இதில் பாதி தானாக இல்லாமல் போகும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் எட்டு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்து பழகியவர். வார்டில் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் 'தூக்கமில்லை' என்று குறிப்பில் ஏறிவிடும், பின்னாலேயே மாத்திரையும் வரும். சேர்க்கும் அன்றே நர்ஸிடம் இந்தப் பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும்.

குளோனாசெபாமில் பாதி உடம்பைவிட்டுப் போகவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். நேற்றையது மிச்சமிருக்கும்போதே இன்றையது சேர்கிறது. அதனால்தான் சில நாளில் பகலெல்லாம் தூங்கி வழிவதும், பேச்சு குழறுவதும், ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்து பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதும். வலிக்கு டிரமடால் சேர்ந்தாலோ, நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தாலோ மூச்சே மந்தப்படலாம். சாராயம் குடிப்பவருக்கும் இதே ஆபத்து.

நம் குமரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கல்: மார்த்தாண்டத்தில் ஒரு சீட்டு, திருவனந்தபுரத்தில் ஒரு சீட்டு. அட்டையில் கம்பெனிப் பெயர் வேறு வேறாக இருக்கும், உள்ளே ஒரே மருந்து. கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, அட்டையில் இருக்கும் மருந்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். அல்பிரசோலம், லோராசெபாம், டயசெபாம் எல்லாம் இதே குடும்பம்தான். சோல்பிடம் வேறு வகை என்றாலும் இவற்றோடு சேர்த்துப் போட்டால் மயக்கம் கூடும்.

10 நாள்தான் ஆகிறது என்றால் எழுதிய டாக்டரிடமே "எந்தத் தேதியோடு நிறுத்தணும்?" என்று கேட்டு, தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். சில வாரம் தாண்டியிருந்தால் சட்டென்று நிறுத்தவே கூடாது. கை நடுங்கும், தூக்கம் முன்னைவிட மோசமாகும், வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்கிறபடி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை குறைப்பதுதான் வழக்கம். வலிப்பு நோய்க்கோ, குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்கோ கொடுத்திருந்தால் கணக்கே வேறு. அங்கே டாக்டர் சொல்லாமல் அரை மாத்திரைகூடக் குறைக்காதீர்கள்.